கடுக்காய் காய்க்கும் கழிப்பறை

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது ஒரு துண்டின் மூலையில் இருக்கிறது. குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்கிற துண்டுதான். அதன் ஓரத்தில் தைத்திருக்கும் சின்னப் பட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று உண்டு. செல்போனை அதன்மேல் காட்டினால் ஒரு பக்கம் திறக்கும். பருத்தி எந்த ஊர், நெய்தது யார், சாயம் எதில் காய்ச்சியது, எப்படித் துவைக்க வேண்டும், கிழிந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று வரிசையாக வரும். அதில் கடுக்காய் என்ற இடத்தைத் தொட்டால், கடைசியில் நான் எழுதிய சில வரிகள் இருக்கும். படிப்பவர் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டு மொழிக்கு அது தானாகவே மாறிக்கொள்ளுமாம். எந்த மொழிக்கு மாறினாலும் கழிப்பறை என்ற சொல் மட்டும் தப்பாமல் வந்துவிடுகிறது.

அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். (எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட இது பாதுகாப்பு. என் அண்ணன் அன்வர் சொன்னால் அதில் குரங்கு, போலீஸ் எல்லாம் வந்துவிடும்.)

கள்ளக்குறிச்சி கடைவீதியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மண்டி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், புளி, பூந்திக்கொட்டை எல்லாம் அங்கே வந்து மூட்டையாகித்தான் வெளியூர் போகும். கடுக்காய் வியாபாரிக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. யாராவது ஏமாற்றிவிட்டு நழுவினால் 'கடுக்காய் குடுத்துட்டான்' என்பார்கள். நாங்களோ வருடம் முழுவதும் ஊருக்குக் கடுக்காய் கொடுக்கிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் என் பெயரைவிட இந்தக் கேலியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அதனாலேயே அத்தாவுக்குத் தன் வாக்கின்மேல் அபார ரோஷம். 'நான் சொன்னா சொன்னதுதான்' என்பதுதான் எங்கள் மண்டியின் ஒரே பத்திரம்.

நான் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மண்டியில் இரண்டு மேஜைகள். ஒன்றில் அத்தா உட்கார்ந்திருப்பார். இன்னொன்றின்மேல் காலிச் சாக்குகள் உட்கார்ந்திருக்கும். அந்தச் சாக்குகளை இறக்கிவிட்டு அங்கே நான் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது வெறி. அத்தாவோ நான் பேங்க் பரீட்சை எழுதியே ஆகவேண்டும் என்று இருந்தார். அன்வர் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து செல்போன் விற்றுக்கொண்டிருந்தான். மண்டி வேண்டாம் என்றவனுக்கு மண்டியைத் தாங்கித் தாங்கிக் கொடுக்கப் பார்த்தார்கள். வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொன்னார்கள்.

அப்போதுதான் மதுமிதா வந்தார். சென்னையில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் அதிகாரி. இயற்கைச் சாயம் ஏற்றிய துண்டு செய்கிறார்கள். சாயம் துணியில் நின்று பிடிக்க வேண்டுமென்றால் முதலில் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அந்தப் பருவத்துக் கடுக்காய் முழுவதையும் எங்களிடமே எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

"வெளிநாட்டுல இது சட்டமாவே வரப்போகுதுங்க. டிஜிட்டல் பாஸ்போர்ட்னு பேரு. ஒரு பொருள் எங்க பொறந்தது, யார் யார் கை பட்டுது, எப்படிப் பழுது பார்க்கணும், கடைசியில எங்க போடணும், எல்லாத் தகவலும் அந்தப் பொருள்கூடவே போகணும். வாங்கறவங்க கடையில நின்னுக்கிட்டே ஸ்கேன் பண்ணிப் பார்ப்பாங்க. அட்டையில பச்சை இலை படம் போட்டு 'இயற்கை'ன்னு எழுதினா இனிமே செல்லாது. ஆதாரம் கேப்பாங்க. அதுக்கு இப்பவே ஒத்திகை பார்க்கறோம்."

அத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் கோபம் வருகிறது என்று பொருள்.

"கடுக்கா மலையிலருந்து வருதுங்க. மலை அங்கயே தான் இருக்குது, எங்கயும் போயிடல. சந்தேகம்னா வந்து பாத்துக்கச் சொல்லுங்க. நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்றதை நான் நம்பறேன் சார். எங்கயோ கடையில நிக்கிற ஒரு அம்மாவுக்கு உங்களைத் தெரியாதே."

அத்தாவுக்கு அது உறைத்தது. இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. எங்களிடம் வழக்கமாக வாங்கும் தோல் பதனிடுகிறவர்கள் ரசாயனத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு வருடமும் கடுக்காயைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு குடும்பங்கள் எங்களை நம்பித்தான் பறிக்கின்றன. இப்படி ஒரு வாங்குகிறவர் கிடைப்பது லேசு இல்லை. மண்டியை ஒட்டிய எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், நேரே மண்டிக்குள் வந்து, "இத நான் பாத்துக்கறேன் அத்தா" என்றேன்.

அத்தா என்னைப் பார்த்தார், சாக்கு மேஜையைப் பார்த்தார். "செய். நீ செஞ்சு அவங்க ஆர்டர் குடுத்தாங்கன்னா அந்த மேஜ உன்னுது. இல்லாங்காட்டி பேசாம பேங்க் பரீட்சைக்குப் பணம் கட்டிடணும். சரியா?"

சரி என்றேன். என் இருபத்து மூன்று வயது வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக எதற்கும் சரி சொன்னதில்லை.

மதுமிதா என் செல்போனில் ஒரு ஆப் ஏற்றிக்கொடுத்தார். பறிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், சம்மதம், பறித்த இடம் வரைபடத்தில், அங்கே நின்று ஒரு படம், காயவைத்த விதம். அதற்கு ஒரு பயிற்சி வீடியோவும் இருந்தது. முதல் இரண்டு நிமிடம் பார்த்தேன், அதையும் வேகமாக ஓடவிட்டு. மதுமிதா விளக்கியபோது "புரிஞ்சுது மேடம்" என்று பதினொரு முறை சொன்னேன் என்று அன்வர் கணக்கு வைத்திருக்கிறான். "மலையில நாலு நாள் ஆகும்மா" என்றார் மதுமிதா. "ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன் மேடம்" என்றேன். பத்தடி தள்ளி செல்போன் கடைக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் சொல்லிக்கொடுத்து நான் ஜெயித்ததாகிவிடும் என்று கேட்கவில்லை.

கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ், அங்கிருந்து மலை பஸ். கோமுகி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நான்காவது வளைவில் ஒன்றுமே இல்லை. சிக்னல் இல்லாமல் இடத்தை எப்படிப் பிடிப்பது?

ஊரில் இறங்கியதும் கவலை தீர்ந்தது. அங்கே பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. டவர் பாறை என்றுதான் பெயர். சுற்று வட்டாரத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம். ரேஷன் கடை ஓடிபி, நூறு நாள் வேலைக்கு வருகைப் படம், வெளியூரில் படிக்கிற பிள்ளைக்குப் போன், எதுவாக இருந்தாலும் எல்லோரும் பாறைக்குத்தான் வருவார்கள். ஊரே வருகிற இடத்துக்கு நானும் வரவழைத்தேன். பன்னிரண்டு பேரும் கையளவு கடுக்காயோடு பாறைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

செல்விதான் அவர்களுக்குத் தலைவி. முப்பது வயதிருக்கும். மரத்தில் ஏறுவது, எடை போடுவது, எங்கள் அத்தாவோடு சண்டை போடுவது மூன்றையும் ஒரே முகபாவத்தோடு செய்வார்.

"இன்னா பாப்பா இது, மரம் எங்கெங்கியோ இருக்குது, நீ இங்க நிக்க வெச்சு இடம் புடிக்கிற?"

"மரத்தாண்ட டவர் வராதுக்கா. டவர் இல்லாங்காட்டி இடம் புடிக்காது."

"நான் தேனடை இருக்கிற இடத்த செல்லுல குறிச்சுக்கினு வரேனே. அங்க ஏது டவரு?"

"அது வேற அக்கா. இது கம்பெனி ஆப்."

இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். வானம் தெரிந்தால் போதும், செல்போன் தானே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டவர் வேண்டியது அதை அனுப்பத்தான். பயிற்சி வீடியோவின் மூன்றாவது நிமிடத்தில் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். செல்வி அக்கா அந்த வீடியோவைப் பார்க்காமலே தெரிந்து வைத்திருந்தார். பி.காம் படித்தவள் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது படம். பாஸ்போர்ட் என்று சொல்லிவிட்டார்கள் இல்லையா? பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும், நிழல் விழக்கூடாது. ஸ்டுடியோவில் எத்தனை முறை எடுத்திருக்கிறோம்! நல்ல சுவர் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பாறைக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டி இன்னும் திறக்காத ஒரு சின்னக் கட்டடம், வெளிர் நீலம் அடித்துப் பளபளவென்று நின்றது. ஊரிலேயே அவ்வளவு சுத்தமான சுவர் வேறு கிடையாது. பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக அந்தச் சுவர்முன் நிறுத்தி, "கடுக்காய மார்புக்கு நேரா புடிங்க, சிரிக்காதீங்க" என்று படம் எடுத்தேன். பெரியசாமி என்பவருடைய நாய் குறுக்கே வந்து உட்கார்ந்தது. "நாயெல்லாம் வரக்கூடாது" என்று விரட்டிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. 'சம்மதம்' என்ற கட்டத்தை எல்லோருக்கும் நானே தட்டினேன். காரியம் வேகமாக நடக்க வேண்டாமா?

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லாக் கட்டமும் பச்சை. நாலு நாள் வேலை! மதியப் பஸ்ஸிலேயே கீழே இறங்கினேன். கச்சிராயபாளையத்தில் எனக்கு நானே ஒரு கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துப் பாராட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, மதுமிதாவிடம் துண்டு வாங்கும் வெளிநாட்டு அம்மாவோடு வீடியோவில் பேச்சு. அதற்குள் முந்நூறு துண்டு மாதிரிக்குத் தைத்து, மூலையில் கட்டம் போட்ட பட்டையும் வைத்து, அந்த நாட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கும் ஒன்று வந்திருந்தது. அத்தா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதி முழுக்க நடந்துவிட்டு வந்தார். புதன்கிழமை காலை அன்வர் வீட்டு டிவியைக் கழற்றி மண்டிக்குக் கொண்டுவந்து மாட்டினான். பக்கத்து உரக்கடைக்காரர், எதிர்ப் பாத்திரக்கடைக்காரர் எல்லோரையும் அத்தாவே அழைத்திருந்தார். அம்மா பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். சாக்கு மேஜையில் பாதிச் சாக்கு ஏற்கெனவே இறங்கியிருந்ததை நான் கவனித்தேன். அத்தாதான் இறக்கியிருக்கிறார்.

டிவியில் மதுமிதா ஒரு பக்கம், வெள்ளைத் தலைமுடியும் கண்ணாடியுமாக அந்த வெளிநாட்டு அம்மா இன்னொரு பக்கம். கையில் துண்டு. அதன் மூலையைத் தன் செல்போனில் காட்டினார், படித்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாக ஏதோ கேட்டார். மதுமிதா தமிழில் சொன்னார்.

"ரிஸ்வானா, பன்னெண்டு பேரும் ஒரே கட்டடத்துலயா வேலை செய்யறாங்கன்னு கேக்கறாங்க."

"ஆமா மேடம்! எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரவழைச்சுட்டேன்."

அந்த அம்மா தலையசைத்தார். மறுபடி கேட்டார். மதுமிதாவின் குரலில் லேசான தடுமாற்றம்.

"அந்த இடம்... சுத்தமா இருக்குமான்னு கேக்கறாங்க."

"புதுசா கட்டினது மேடம். பெயின்ட் அடிச்சு நீட்டா இருக்கும். தண்ணி வசதியெல்லாம் இருக்குது. இன்னும் யாரும் உபயோகிக்கவே இல்ல."

நான் சொன்னது அத்தனையும் சத்தியம். ஒரு வார்த்தை பொய் கிடையாது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். (அந்த நாட்டிலும் அதற்கு அதே பொருள்தான் போலிருக்கிறது.) தன் செல்போனில் தெரிவதை அப்படியே எங்களுக்கும் டிவியில் காட்டினார்.

மலையின் வரைபடம். பச்சைப் பசேல் என்று காடு. அந்தக் காட்டின் நடுவே பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. அந்த இடத்துக்கு யாரோ புண்ணியவான் வரைபடத்தில் பெயர் பதிந்து வைத்திருந்தான். அன்வர் எழுந்து டிவிக்கு அருகில் போய்ச் சத்தமாக வாசித்தான். எனக்கு அண்ணனாகப் பிறந்ததற்கு அவன் செய்த மிகப்பெரிய கைம்மாறு அது.

"பொதுக் கழிப்பறை. ஆண்கள்."

கீழே படங்கள் வரிசையாக ஓடின. கடுக்காயை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், நீலச் சுவர்முன் பன்னிரண்டு பேர். ஒரு படத்தின் ஓரத்தில் மீசை வைத்த ஆண் தலையும் அம்புக்குறியும் பளிச்சென்று தெரிந்தன. 'அறுவடை நடந்த இடம்' என்று மேலே எழுதியிருந்தது.

உரக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாய், கடுக்காய அங்க எடுத்துக்கினு போயி இன்னா பண்றாங்க?"

"வயித்த சுத்தம் பண்ற சாமான்தானே? பொருத்தமான இடந்தான்" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

அதற்குப்பின் அங்கே யாரும் யாரையும் அடக்க முடியவில்லை. அன்வர் மூட்டையின்மேல் விழுந்து சிரித்தான். நான் டிவியைப் பார்க்கவில்லை, அத்தாவைப் பார்த்தேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மெதுவாக மடித்துக்கொண்டிருந்தார்.

மதுமிதா போனில் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாக் கட்டமும் பச்சையா இருந்துச்சுன்னு நானும் திறந்து பார்க்கலம்மா, என் தப்பும் உண்டு. துண்டுல தைச்ச கட்டம் மாறாது, ஆனா அதுக்குப் பின்னால இருக்கிற பக்கத்தைத் திருத்தலாம். சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சரியான பதிவு வரணும். வரலைன்னா வேற மாநிலத்துல எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

எல்லோரும் போனபிறகு அத்தா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "பேங்க் பரீட்சைக்குக் கடைசித் தேதி எப்பம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். இந்தக் கேள்வியில் அழுகை போய் எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்துவிட்டது.

"சனிக்கிழம சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு மேல சொல்றேன் அத்தா" என்றேன். அன்று மதியம் பிரியாணியை ஒரு பிடி விடாமல் சாப்பிட்டேன். மலை ஏறத் தெம்பு வேண்டும். அப்புறம் அன்வர் கடைக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, "இடம் எப்படிப் புடிக்கும்னு சொல்லு" என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தான். ஒரு பவர் பேங்கும் தந்தான். அதற்குக் காசு வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை முதல் பஸ். செல்வி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நிற்க முடியாமல் பாறைமேல் உட்கார்ந்து சிரித்தார். திடீரென்று நிறுத்தினார்.

"இரு. அப்ப எங்க மூஞ்சியெல்லாம் கக்கூஸ் செவுத்தாண்ட நிக்கிறது அந்த ஊருக்காரங்க பாத்துக்கினு இருக்காங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீ படிச்ச புள்ள, சரியா செய்வேன்னு நெனச்சு வந்து நின்னோம். எங்கள இன்னான்னு நெனப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் உண்மையாகவே வெட்கம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் என் மேஜை போய்விடுமே என்ற பயம். இவர்கள் பெயரும் முகமும் ஊரும் ஒரு துண்டின் மூலையில் ஏறி உலகம் சுற்றப்போகிறது என்பதை மூன்று வாரமாக நான் ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்றேன்.

செல்வி அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "சரி நட. ஆனா ஒண்ணு. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் இன்னா எழுதறியோ, அத அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும். அவங்க சரின்னு சொன்னாதான் அனுப்பணும்."

நடந்தோம். மூன்று நாள் நடந்தோம். கடுக்காய் மரங்களுக்கு ஊருக்குள் நிற்கிற பழக்கம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு சரிவைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, 'இதோ இங்கதான்' என்று செல்வி அக்கா சொல்லி இன்னும் ஒரு மணி நேரம் போனபிறகு நிற்கும். மரத்தடியில் நின்று செல்போனை வானத்துக்குக் காட்டினால், டவர் கோடு ஒன்றுமில்லாமலே புள்ளி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் செல்வி அக்கா திரும்பி என்னைப் பார்ப்பார். பன்னிரண்டு முறையும் பார்த்தார்.

படித்துக் காட்டுவதுதான் நடையைவிட நேரம் பிடித்தது. ஒரு பெண் தன் கணவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொன்னார், பறிப்பது அவர்தானாம். இன்னொருவர் பாறையில் காயவைக்கவில்லை, தார்ப்பாயில்தான் என்றார். முதல் முறை நான் எல்லோருக்கும் 'பாறை' என்று ஒரேயடியாகத் தட்டியிருந்தேன். பெரியசாமி எல்லாம் கேட்டுவிட்டு, "நாயி?" என்றார். காட்டுப்பன்றி வந்தால் முதலில் குரைப்பது அதுதான், அது இல்லாமல் அவர் மரத்துக்குப் போவதே இல்லை. ஆப்பில் நாய்க்குக் கட்டம் கிடையாது. 'பிற தகவல்' என்ற இடத்தில் 'உடன் செல்வது: மணி' என்று எழுதி, படத்திலும் உட்காரவைத்தேன். அவருக்குப் பரம திருப்தி.

மூட்டைகளிலும் வேலை இருந்தது. எங்கள் மண்டி வழக்கப்படி மலையிலிருந்து வருவதெல்லாம் ஒரே குவியல்தான். இனி அப்படிக் கொட்டினால் எந்தக் கடுக்காய் எந்த மரத்தது என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. ஒவ்வொரு வீட்டு மூட்டைக்கும் ஒவ்வொரு நிறத்தில் கயிறு கட்டி, அந்த நிறத்தையும் பதிந்தேன். கயிறு போதாமல் செல்வி அக்காவின் ரிப்பன் ஒன்றும் போனது.

பன்னிரண்டாவது மரத்தடியிலிருந்து கிளம்பும்போது சனிக்கிழமை மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பவர் பேங்க் செத்திருந்தது. செல்போனில் ஆறு சதவீதம். பதிவெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஆனால் அனுப்ப டவர் வேண்டும். டவர் எங்கே இருக்கும்? அங்கேதான். சரிவில் உட்கார்ந்தும் எழுந்தும் ஓடியும் இறங்கினேன். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. பாறைக்கு வந்து பார்த்தால், அந்த நீலக் கட்டடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். வாசலில் வரிசை. பாறைமேல் ரேஷன் ஓடிபிக்காக ஏழெட்டுப் பேர். எனக்கு நிற்க இடம் கிடைத்தது சரியாக மீசைப் படத்துக்குக் கீழேதான்.

'அனுப்பு' என்று தட்டினேன். போகவில்லை. சிவப்பில் ஒரு கட்டம் வந்தது: 'திருத்தத்துக்கான காரணம்'. அதை நிரப்பாமல் விடமாட்டேன் என்றது. நான்கு சதவீதம். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டு வார்த்தை போட்டால் முடிந்தது. போட்டேன். பக்கத்தில் மூச்சு வாங்க வந்து நின்ற செல்வி அக்கா எட்டிப் பார்த்து, "படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன்.

"கோளாறு செல்லுலயா இருந்துது?"

அழித்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, ஒற்றைச் செருப்போடு நின்று எழுதினேன்: 'முதல் பதிவில் இந்தப் பன்னிரண்டு பேரையும் டவர் கிடைக்கும் என்று கழிப்பறைச் சுவர்முன் நிற்கவைத்தேன். கடுக்காய் அங்கே காய்ப்பதில்லை. மரங்கள் இருக்கும் இடம் இவைதான், நடந்து போய்ப் பார்த்தேன். தவறு இவர்களுடையது அல்ல, என்னுடையது. ரிஸ்வானா, கள்ளக்குறிச்சி.' அதையும் படித்துக் காட்டினேன். "இப்ப அனுப்பு" என்றார். நான்கு நாற்பத்தைந்துக்கு எல்லாம் பச்சையானது. அடுத்த நிமிடம் செல்போன் அணைந்தது.

அதை மதுமிதா ஒருவர்தான் படிப்பார் என்று நினைத்திருந்தேன். பாஸ்போர்ட் என்ற ஏற்பாட்டிலேயே முக்கியமான விஷயம் எனக்கு அப்போது தெரியாது. திருத்தலாம், அழிக்க முடியாது. பழையது என்ன, யார் மாற்றியது, ஏன் மாற்றியது, எல்லாம் துண்டு உள்ளவரை அதிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திங்கட்கிழமை மதுமிதா போன் செய்துதான் இதைச் சொன்னார். அடுத்த வாக்கியத்தில், "ஆர்டர் உங்களுக்குத்தான். அந்த அம்மா அதை ரெண்டு தரம் படிச்சாங்களாம்" என்றார். பருவம் முழுவதுக்குமான ஆர்டர். அத்தா எழுந்துபோய், மேஜைமேல் மிச்சமிருந்த சாக்குகளை இறக்கினார். தூசியைத் தன் தோளில் இருந்த துண்டாலேயே தட்டினார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. மேஜை என்னுடையதுதான். மூட்டைகளில் நிறக் கயிறு தொடர்கிறது, செல்வி அக்காவுக்குப் புது ரிப்பனும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். முகம் தெரியாத நாட்டிலிருந்து யாராவது கம்பெனிக்கு எழுதுகிறார்கள். பாதிப் பேர் மணி நலமா என்று கேட்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டிலேயே கைதுடைத்த துண்டை ஸ்கேன் செய்துவிட்டார். தனியாகப் பேச விட்டபோது, முதல் கேள்வியாக, "இப்ப நல்லா டவர் கெடைக்குதுங்களா அங்க?" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தில் அன்வர் எங்கள் இருவரையும் மண்டபத்துக் கழிப்பறைச் சுவர்முன் நிற்கவைத்துப் படம் எடுத்தான், கையில் கடுக்காயோடு.

அத்தாவின் அந்தத் துண்டு துவைத்துத் துவைத்து நிறம் மங்கிவிட்டது, மூலையில் இருக்கும் கட்டம் மட்டும் இன்னும் ஸ்கேன் ஆகிறது. 'நான் சொன்னா சொன்னதுதான்' என்று அவர் இப்போதெல்லாம் சொல்வதில்லை. போன வாரம் தியாகதுருகத்திலிருந்து ஒரு புளி வியாபாரி வந்திருந்தார். "ஒரு கலப்படம் இல்ல பாய், நான் சொல்றேன், நம்புங்க" என்று நெஞ்சைத் தட்டினார். அத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து, மூலையை விரித்து அவரிடம் நீட்டினார், என் மேஜைப் பக்கம் கையைக் காட்டினார்.

"எழுதிக் குடுங்க. எங்க பொண்ணு கக்கூஸயே எழுதிக் குடுத்திருக்குது."